முதலில் ரப்பர், கடைசியில் குதிரைத்திறன்

போர்ஷே, ஃபெராரி எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு திரும்பிப் போய்விடும். உத்திரமேரூர் வரை வந்தால் முதல் வேகத்தடையிலேயே அடி தட்டும். இந்த வட்டத்துச் சாலைகளில் ஓட வேண்டும், உள்ளூர்ப் பட்டறையிலேயே கழற்றிப் பூட்ட முடிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கும் தீனி போட வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற வேகக் கார் எது? குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர் இது. என் ஓலை ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோலுக்கு.

பார்ப்பதற்கு அது நாலு கதவும் டிக்கியும் வைத்த சாதாரணக் குடும்பக் கார்தான். ஆனால் 1999இல் வெளிவந்தபோது 1,600 சிசி ரோகாம் எஞ்சினும் சுமார் 90 குதிரைத்திறனும் ஏறக்குறைய ஒரு டன் எடையுமாக இருந்த அந்தக் கார், அதே விலையில் கிடைத்த பல வண்டிகளைப் பின்னால் விட்டது. விளம்பரத்தில் அதற்கு ‘ஜோஷ் மெஷின்’ என்று பெயர். மறைமலை நகரில் செய்த வண்டி. அந்த ஊர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், 2019இல்தான் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. ஐகான் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. இந்தியாவில் விற்பதற்காகக் கார் செய்வதையே நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. ஆகவே இன்று ஐகான் வைத்திருப்பவர் ஒரு கார் வைத்திருக்கிறார் என்பதைவிட, முடியாத வேலை ஒன்றை வைத்திருக்கிறார் என்பதே சரி. பொழுதுபோக்கு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்.

இப்படி ஒரு பழைய வண்டி கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் போவது சைலன்சர் கடைக்கு. நான் சொல்வது நேர் எதிர் வரிசை. வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு முதலில் கொண்டுவர வேண்டும். இருபது வருடத்தில் அது வலுவைக் கொஞ்சம் இழந்திருக்கும். இழந்ததை மீட்டாலே ‘இது நம்ம வண்டியா?’ என்று தோன்றும். அதற்கு மேல் கூட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.

இழப்பு முதலில் தெரிவது இரும்பில் அல்ல, ரப்பரில். எஞ்சின் மவுண்ட், கீழ்க் கை புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், கதவு பீடிங் எல்லாமே வெயிலில் வறண்டு, எண்ணெயில் ஊறி, செத்துப்போயிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துத் திரும்புகிறதா? பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்கிறதா? ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஜாக்கி ஏற்றி, ஒரு கடப்பாரையை விட்டு புஷ்ஷை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அங்கேதான் ஆட்டம் இருக்கும். புஷ்ஷும் மவுண்டும் மாற்றி வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டால், காரைத் தரையோடு தட்டவிடும் ஸ்ப்ரிங் செட்டுக்குச் செலவழிப்பதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கும். இந்தப் பக்கத்து வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் தாழ்த்தும் ஸ்ப்ரிங்கைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது குளிரூட்டல். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த எஞ்சின் சாவது பெரும்பாலும் இதனால்தான். ரோகாமின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு எல்லை மீறினால் அலுமினியம் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும், பிறகு லேத்துக்குக் கொண்டுபோய் ஹெட்டைச் சீவ வேண்டிவரும். சூடு எல்லை மீறுவதற்கு முதல் காரணம் தெர்மோஸ்டாட் உட்காரும் பிளாஸ்டிக் கூடு. வயதானால் அதில் மயிரிழை விரிசல் விழும். கூலன்ட் பெரிதாக ஒழுகாது; சொட்டுச் சொட்டாகக் கசிந்து எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும், தரையில் தடயமே இருக்காது. இதே எஞ்சின் ஓடிய தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் இது ஊரறிந்த நோய். கூடு உடைந்த பிறகு மாற்றுவதைவிட, வண்டி வாங்கியதும் கூடு, தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், கிளாம்புகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது மலிவு.

இரண்டாவது காரணம் நாம் ஊற்றும் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். டீக்கடை வாளித் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, குழாய்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு என்று கலர் பார்த்துக் கலக்க வேண்டாம். பழையதை முழுவதும் இறக்கிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள். ஃபேன் எப்போது சுற்ற ஆரம்பிக்கிறது என்பதையும் ஒருமுறை நின்று பாருங்கள். முள் மேலே ஏறியும் ஃபேன் சும்மா இருந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது.

இனி பிரேக். வேகம் கூட்ட ஆசைப்படுகிறவர் மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100இல் வண்டியிடம் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 56 சதவீதம் அதிகம். அவ்வளவையும் முன்சக்கர டிஸ்க்குகளும் பின்சக்கர டிரம்களும் சூடாக மாற்றித்தான் வண்டியை நிறுத்த வேண்டும். 100இல் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே எருமை வந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் முடிந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் பைப்பில் ஆவி. ஆவியை அழுத்தினால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கி மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக் கணக்குதான். இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய முதல் ‘அப்கிரேடு’ நல்ல பேடும் புது ஆயிலும் என்று அடித்துச் சொல்வேன்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. பட்டன் நிறைய இருக்கிறது என்பது போதாது. பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. ரப்பர் இறுகிப்போன டயர் மழையில் வழுக்கும். அகலமான டயர் போட நினைத்தால் வெளிவிட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 175/65 ஆர்14 டயர் சுமார் 583 மில்லிமீட்டர், 185/60 ஆர்14 சுமார் 578. ஒரு சதவீத வித்தியாசம், பரவாயில்லை. அதைத் தாண்டினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும்.

நகரத்துக் கார்ப் பிரியர்களுக்கு இல்லாத சில தலைவலிகள் இங்கே உண்டு. உத்திரமேரூர் வட்டாரத்துக் கல் குவாரி, கிரஷர் பக்கம் போய்வருகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரை விடக் கூடாது. தட்டிப் பார்த்து, கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையிலேயே கதிரைப் பரப்பிக் காயவைப்பார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு, பழுக்கக் காய்ந்த சைலன்சர் பக்கம் ஒட்டினால் தீப்பிடிக்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். எலி இன்னொன்று. வயல் ஓரம் நிற்கும் காரில் ஒயரைக் கடித்துவைக்கும். பானெட்டுக்குள் புகையிலை வைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மூன்று நாளைக்கு ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதுதான் மருந்து. ஓட்டாமல் நிறுத்தினால் பெட்ரோலிலும் தொல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதை மனதில் வைத்துச் செய்யாத பழைய ரப்பர்க் குழாய்களை நாளடைவில் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கொழகொழத்தோ வெடித்தோ இருந்தால் புதுக் கலவைக்குத் தாங்கும் வகை ஹோஸாக மாற்றுங்கள். அதே கலவையில் லிட்டருக்கு ஆற்றலும் 6, 7 சதவீதம் குறைவு. மைலேஜ் குறைந்ததும் மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு குதிரைத்திறன் பேச்சுக்கு வரலாம். டர்போ இல்லாத எஞ்சினில் வெளியே இருந்து ஒட்டும் சாமான்களால் கிடைப்பது கொஞ்சம்தான். பானெட்டுக்குள் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினால் சத்தம் கூடும். ஆனால் அது உறிஞ்சுவது எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றை. காற்றின் சூடு 10 டிகிரி கூடினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், வலுவும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். கம்பெனி வைத்த பெட்டியும் வெளிக்காற்றை இழுக்கும் குழாயும் அப்படியே இருக்கட்டும். நல்ல ஸ்பார்க் பிளக், சுத்தமான இன்ஜெக்டர், கசிவில்லாத இன்டேக், எடை குறைந்த வண்டி, இவை தருவது அதிகம். எடை என்றதும் கோவை கரிவர்தன் நினைவுக்கு வருகிறார். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தவர். சின்ன எஞ்சின், லேசான உடம்பு. ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தய வகையே அதிலிருந்து பிறந்தது. நம்மவர்கள் டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிவிட்டு சைலன்சரை அறுப்பதைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

சைலன்சரை அறுப்பது சட்டப்படியும் குற்றம். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறம் மாற்றினாலும் எஞ்சின் மாற்றினாலும் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கினால் பில்லும் எஞ்சின் எண்ணும் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. இருபது வருடம் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். ஆரம்பகால ஐகான்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வின்டேஜ் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும்.

சரி, இவ்வளவு செய்த வண்டியை எங்கே விரட்டுவது? புக்கத்துறைச் சாலையில் அல்ல. வாலாஜாபாத், ஒரகடம் வழியாகப் போனால் நம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடம் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம். அதற்கு முன் சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்கள் 1990இல் இங்கே வந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க அனுமதிக்கும் நாட்கள் எப்போது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், கால்மிதி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு இறங்குங்கள். மூன்று நாலு சுற்றுக்கு மேல் தொடர்ந்து விரட்ட வேண்டாம், பிரேக் பெடல் மெத்தென்று இறங்க ஆரம்பித்தால் அதற்கும் முன்பே நிறுத்துங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கொதிக்கிற டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளக் கூடும். ஆறியதும் வீல் நட்டை ஸ்பேனர் போட்டு ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.