செக்குபந்தியில் தொடங்கும் நாவல்

பணி ஓய்வுக்குப் பிறகு முன்னோரைப் பற்றி ஒரு சரித்திர நாவல் எழுத வேண்டும் என்று பலருக்கு ஆசை வருகிறது. "இந்த வயதில் எனக்கு எழுத வருமா?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. வரும். முப்பது வருடம் அலுவலகத்தில் குறிப்பு எழுதிப் பழகிய கைக்கு வாக்கியம் ஒரு பொருட்டல்ல. வீட்டில் சொல்லிவந்த கதை வேறு, காகிதத்தில் இருப்பது வேறு என்று தெரியவரும்போது, அதைத் தாங்கிக்கொண்டு மேலே எழுதுவதுதான் கடினம்.

இதற்கு ஓர் உதாரணம் எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி. அவர் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் 20 வருடம் வேலை பார்த்து, 1959-இல் ஓய்வு பெற்று முழுநேர எழுத்துக்கு வந்தவர். அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு மூதாதையைப் பற்றிப் பாட்டி வீட்டில் பெரியவர்கள் பேசியதைச் சிறுவயதில் கேட்டிருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1976-இல் வெளிவந்த 'ரூட்ஸ்'. அந்த மூதாதை 1767-இல் கப்பலில் வந்து இறங்கினார் என்றது புத்தகம். பின்னால் வம்சாவளி ஆய்வாளர்கள் தேடியபோது, ஹேலி அடையாளம் காட்டிய மனிதரின் பெயர் அதற்கு முன்பே வர்ஜீனியா ஆவணங்களில் இருந்தது. நாவலாக 'ரூட்ஸ்' மிகப் பெரிய படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நடந்த வரலாறாகவும் முன்வைத்ததில்தான் சிக்கல் வந்தது.

நம் வீடுகளிலும் இப்படிக் கதைகள் உண்டு. "ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பினோம்" என்று எத்தனையோ சாதிகளில், எத்தனையோ குலதெய்வக் கோயில்களில் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வதை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். நாவலில் ஒரு கிழவி அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அங்கே அது உண்மையாக இருக்கும்.

அடுத்து, பரணில் இருக்கும் பழைய கிரையப் பத்திரத்தை இறக்குங்கள். தேதி பசலி என்ற பழைய வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கலாம். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம் கிடைக்கும். பசலி 1286 என்றிருந்தால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. அதாவது தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி. அந்த வருடத்தில் நஞ்சையை விற்றவர் எதற்காக விற்றிருப்பார், வாங்கியவரிடம் எப்படிப் பணம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு கேள்விகளில் ஒரு நாவலே இருக்கிறது. வாங்கியவர் உங்கள் கொள்ளுத் தாத்தாவாக இருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

பத்திரத்தில் நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் பகுதியான செக்குபந்தியை வரி விடாமல் படியுங்கள். நான்கு எல்லைகளிலும் யாருடைய நிலம், எந்த வாய்க்கால், எந்தக் கிணறு என்று வரும். அந்தப் பெயர்களே உங்கள் பாத்திரங்கள். ஆனால் அந்த நிலத்தை உழுத பண்ணையாள் பெயரும் நாற்று நட்ட பெண்ணின் பெயரும் அங்கே இருக்காது. காகிதம் விட்டுவிட்ட அவர்களுக்காகத்தான் நாவல் என்ற வடிவமே தேவைப்படுகிறது என்று நான் நம்புகிறேன். முன்னோரை எல்லாம் வள்ளல்களாக்கும் புத்தகம் குடும்ப விழாவில் கொடுக்கத்தான் பயன்படும்.

"சன்னியாசம் போனவர்" என்று சொல்லப்படும் பெரிய தாத்தா ஒருவேளை கப்பல் ஏறியிருக்கலாம். 1860 முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி சென்னையில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே கோப்புகள் இருக்கின்றன. அந்தக் காலத்து அச்சுப் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம்.

சின்ன விஷயங்களில்தான் நாவல் சறுக்கும். பஞ்ச காலத்து விருந்தாளிக்கு டீ கொடுத்துவிடாதீர்கள். நம் கிராமங்களில் டீ பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். அவருக்கு மோரோ நீராகாரமோ கொடுங்கள். 1900-இல் ஒருவர் சிவகாசித் தீப்பெட்டியை உரசிச் சுருட்டுப் பற்றவைக்க முடியாது. அங்கே அந்தத் தொழில் தொடங்கியது 1920-களில்.

முடித்ததும் பின்னுரையாக இரண்டு பக்கம் எழுதிவிடுங்கள்: எது பத்திரத்தில் இருந்தது, எது பாட்டி சொன்னது, எது நீங்கள் கற்பனை செய்தது என்று.

எழும்பூர்க் கோப்புகள் எங்கேயும் போய்விடாது. உங்கள் குடும்பத்தில் மிக வயதான அத்தையோ சித்தியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கைபேசியில் பதிவை ஓடவிட்டு, அவர் மாமியார் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேளுங்கள்.