கண்ணன் தேவன் மலையின் கணக்கு

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பரப்பு சுமார் 1,37,000 ஏக்கர். குத்தகை, ஆண்டுக்கு 3,000 ரூபாய். அதே காலத்தில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னெகி எஃகில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். சுரங்கம், ரயில், உலை என்று தொழிலின் எல்லாக் கண்ணிகளையும் தன் கைக்குள் வைத்துக்கொள்வது அவர் வழி. கண்ணன் தேவன் மலையிலுள்ள மூணாறும் ஏறக்குறைய அந்த வழியில்தான் வளர்ந்தது.

தொடக்கத்தில் காப்பி, சிங்கோனா என்று பலதும் நட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ.எச்.ஷார்ப் பார்வதி தோட்டத்தில் தேயிலை நட்டார். கிளாஸ்கோவின் ஃபின்லே நிறுவனம் உள்ளே வந்ததும் வேகம் கூடியது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது.

தேயிலை விளைந்தால் போதுமா? மலையிலிருந்து இறங்க வேண்டுமே. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று தரையில், இழுத்தவை மாடுகள். 1908-ல் அது நீராவி ரயிலானது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரக் கொட்டக்குடிக்கு இறக்கம். பிறகு வண்டியில் போடிநாயக்கனூர். கடைசியில் தூத்துக்குடியில் கப்பல். கேரளத்துத் தேயிலை உலகுக்குப் போனது தமிழ்நாட்டு வாசல் வழியாக. 1924-ன் பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அது திரும்ப வரவே இல்லை. 1931-ல் ஆலுவாயிலிருந்து புதுச் சாலை வந்தது.

துரைமார்களின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் மழை பொய்த்த ஊர்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக மலையேற்றினார்கள். கையில் வாங்கிய முன்பணம் கடனாக நின்றது. கடன் தீரும்வரை இறங்க முடியாது. ரயிலும் ரோப்வேயும் போலவே உழைப்பாளியும் கம்பெனியின் ஏற்பாட்டுக்குள் ஒரு கண்ணியானார். காடு வெட்டியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் வரிசை லயங்களில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

1892-ல் கார்னெகியின் ஹோம்ஸ்டெட் ஆலைத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கி ஏந்திய ஆட்களை நிர்வாகம் இறக்கியது. உயிர்கள் போயின, சங்கம் உடைந்தது. மூணாற்றில் 2015 செப்டம்பரில் வேறுவிதமாக நடந்தது. நிறுவனம் கைமாறிக் கைமாறி, 2005 முதல் பெரும்பங்கு ஊழியர்களுடையது என்ற நிலைக்கு வந்திருந்தது. அப்போதும் நாள்கூலி 232 ரூபாய்; 20 சதவீத போனஸைப் பத்தாகக் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் பேரைச் சொல்லிப் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. ‘பொம்பிளை ஒருமை’ என்று பேர்பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கிக்கொடுத்தது.

போனஸ் கிடைத்தது, லயம் மாறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது; 70 பேர் போய்விட்டார்கள். பணி ஓய்வு பெற்றவர் வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால், அந்த ஒற்றை அறையையும் காலி செய்ய வேண்டும். ஆண்டுக்கு 3,000 ரூபாய்க் குத்தகைக்கு ஒரு மலையே கைமாறிய மண்ணில், நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள் சொந்தமாக வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன.