ஒன்றாகப் போரிடாத படைப்பிரிவு

போர் வரலாற்றில் வெற்றிகளைக் காட்டிலும் தோல்விகளே என்னை அதிகம் சிந்திக்க வைக்கின்றன. ஒரு தோல்விக்குப் பிறகு அரசும் ராணுவமும் என்ன செய்தன என்பதில்தான் அவற்றின் தரம் வெளிப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் 79-ஆவது கவசப் படைப்பிரிவின் வரலாறு இதற்குச் சான்று.

1942 ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்ஸின் தியப் துறைமுகத்தை நேசநாட்டுப் படைகள் தாக்கின. சென்றவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் கனடா வீரர்கள். கரையிறங்கிய டாங்கிகளில் பல, கடற்கரைக் கூழாங்கற்களில் சிக்கின. கடற்சுவரைத் தாண்டியவையும் கான்கிரீட் தடுப்புகளைக் கடந்து நகருக்குள் நுழைய முடியவில்லை. அத்தடைகளைத் தகர்க்கச் சென்ற பொறியாளர் படையினர் எந்த மறைவுமின்றிக் குண்டுகளுக்கு இரையாயினர். அத்தாக்குதலில் 900-க்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் உயிரிழந்தனர்.

அதே மாதத்தில் உருவான 79-ஆவது பிரிவு, தொடக்கத்தில் வழக்கமான கவசப் பிரிவாகவே இருந்தது. அன்றைய பிரிட்டிஷ் கவசப் பிரிவு ஒன்றில் ஒரு டாங்கி பிரிகேடும் ஒரு காலாட்படை பிரிகேடும், துணையாகப் பீரங்கி, பொறியியல், வேவுப் பிரிவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 15,000 பேர் இருப்பர். அனைவரும் ஒரே தளபதியின்கீழ் ஒன்றாகப் போரிட வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். 1943-இல், கலைக்கப்படவிருந்த இப்பிரிவுக்குத் தரைப்படைத் தலைவர் ஆலன் புரூக் புதிய பணியை அளித்தார். கடற்கரை அரண்களை உடைக்கும் சிறப்பு வாகனங்களை உருவாக்கி, வீரர்களைப் பயிற்றுவிப்பதே அப்பணி.

அதன் தளபதி மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபர்ட், 1885-இல் நைனிடாலில் பிறந்தவர். பொறியாளர் படையிலிருந்து டாங்கிப் படைக்கு வந்தவர். 1938-இல் எகிப்தில் அவர் உருவாக்கிய பிரிவே பின்னாளில் 'பாலைவன எலிகள்' எனப் புகழ்பெற்ற 7-ஆவது கவசப் பிரிவு. ஆயினும் மேலதிகாரிகளுடன் ஒத்துப்போகாத அவர், 1939-இல் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வுக்குத் தள்ளப்பட்ட அந்த ஜெனரல், 1940-இல் தம் ஊரின் ஊர்க்காவல் படையில் லான்ஸ் கார்ப்பரலாகப் பணியாற்றினார். அவரை மீண்டும் அழைத்தவர் பிரதமர் சர்ச்சில்.

தியப்பில் தோல்விக்குக் காரணமான ஒவ்வொரு தடைக்கும் இப்பிரிவில் ஒரு வாகனம் இருந்தது. சுழலும் சங்கிலிகளால் நிலத்தை அடித்துக் கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்தது 'கிராப்'. கான்கிரீட் அரண்களைத் தகர்த்தது, 290 மி.மீ. குண்டெறியும் பொறியாளர் டாங்கி. இளகிய மணலில் துணிப்பாதை விரிக்கவும், பள்ளங்களை விறகுக்கட்டுகளால் நிரப்பவும், சுவர் மீது பாலம் சாய்க்கவும் டாங்கிகள் இருந்தன. திரைத்துணி உயர்த்தி நீரில் மிதந்துவரும் டாங்கிகளை ஓட்டவும் வீரர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். நெருப்பை உமிழும் 'குரோக்கடைல்' அவற்றுள் மிகக் கொடியது.

ஆனால், இந்த விந்தை வாகனங்களைவிட என்னைக் கவர்வது, அவற்றைப் பயன்படுத்திய முறையே. இப்பிரிவு ஒருபோதும் ஒரே களத்தில் ஒன்றாகப் போரிடவில்லை. தேவைக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிற பிரிவுகளுக்கு இரவலாகச் சென்றது. களத்தில் ஆணையிட்டவர் அங்குள்ள தளபதி. எந்த வாகனத்தை எங்கே பயன்படுத்தலாம் என அறிவுரை கூறியவர்கள் 79-ஆவது பிரிவின் அதிகாரிகள். பணி முடிந்ததும் குழுக்கள் திரும்பின. அனுபவம் ஓரிடத்தில் சேர்ந்தது. வாகனங்களை எல்லாப் பிரிவுகளுக்கும் நிரந்தரமாகப் பங்கிட்டிருந்தால் அந்த அனுபவமும் சிதறியிருக்கும்.

1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கரையிலும், பின்னர் வால்கரன் தீவிலும், 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடந்தபோதும் இம்முறை பயனளித்தது. கருவி மட்டும் போதாது என்பதற்கும் நார்மண்டியே சாட்சி. ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படையணி ஒன்று, கொந்தளிக்கும் கடலில் கரைக்கு வெகுதொலைவில் இறக்கிய 29 மிதக்கும் டாங்கிகளில் 27 மூழ்கின. போர் முடிந்ததும், 1945 ஆகஸ்டில் 79-ஆவது பிரிவு கலைக்கப்பட்டது.

தியப் தாக்குதலைத் திட்டமிட்ட அமைப்பின் தலைவராக இருந்தவர், பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயான மவுண்ட்பேட்டன். அத்தோல்வி தந்த பாடங்களே நார்மண்டியில் உயிர்களைக் காத்தன என்று அவர் வாதிட்டார். இதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கூழாங்கல்லில் டாங்கி ஓடுமா என்பதை உள்நாட்டுக் கடற்கரையிலேயே சோதித்திருக்கலாம். அதற்கு உயிர்ப்பலி தேவையில்லை. பாடம் கற்றது பாராட்டுக்குரியது. ஆனால், டாங்கிப் போரை நன்கறிந்த ஒருவரை ஊர்க்காவல் படைக்கு அனுப்பிவிட்டுக் கற்ற பாடம் அது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.