தூங்கும் தொண்டையைப் படம்பிடித்தல்

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் ‘ஸ்லீப் ஆப்னியா’ நோயின் பெருவாரியான வகையில் கோளாறு இருப்பது நுரையீரலில் அன்று. மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை இறங்கும் தொண்டைக் குழாயில்தான். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று இந்த மென்மையான குழாயைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் அவை தளர, வாயின் மேற்கூரையின் பின்பகுதியான மென்னண்ணமும் நாக்கின் அடியும் பின்னே சரிந்து, பக்கச் சுவர்களும் உள்வாங்கி வழியை அடைக்கின்றன.

படமெடுப்பதில் உள்ள சிக்கலும் இதுவே: படம் பெரும்பாலும் விழித்திருப்பவரிடம் எடுக்கப்படுகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரே தாடையின் அமைப்பைத் தட்டையாகக் காட்டும்; சி.டி. ஸ்கேன் வழியின் அகலத்தைத் துல்லியமாகத் தந்தாலும் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அது இல்லை, கொழுப்பும் தசையும் தனித்தனியே தெரியும். இந்நோயாளிகளின் நாக்கில் கொழுப்பு மிகுதி என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2014இல் கண்டது அதன் வழியேதான். ஆனால் அந்தக் கருவியின் இரைச்சலில் யார் தூங்குவது?

ஆகவே, 1991இல் லண்டனில் கிராஃப்ட், பிரிங்கிள் என்னும் மருத்துவர்கள் விவரித்த முறையில், நோயாளிக்கு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்திக் குறட்டை வரும் அளவுக்குத் தூங்கவைத்து, மூக்கின் வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பை இறக்கித் தொண்டை சரிவதை நேரிலேயே பார்க்கிறார்கள். இடையே மருத்துவர் கீழ்த்தாடையை மெல்ல முன்னே தள்ளுவார்; வழி திறந்தால், தாடையை முன்னிறுத்தும் பற்கருவி நோயாளிக்கு உதவக்கூடும்.

இந்தத் தாடைத் தள்ளல் ஹைதராபாத்துக்குப் பழைய செய்தி. அங்கு மருத்துவப் பள்ளியை நடத்திய எட்வர்ட் லாரியின் முயற்சியாலும் நிஜாம் அரசின் பொருளுதவியாலும் 1889இல் கூடிய குளோரோஃபார்ம் என்னும் மயக்க மருந்தை ஆராயும் இரண்டாம் ஆணையம், மயக்கத்தில் மூச்சு இடறினால் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வருமளவு தாடையைத் தள்ளவேண்டும், அப்போது குரல்வளை மூடி உயர்ந்து வழி விடுபடும் என்று எழுதிவைத்தது. குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாக நிறுத்தாது என்ற அதன் பெருமுடிவு பின்னாளில் பொய்த்தது. தாடைக் குறிப்போ இன்றும் நிற்கிறது.

எனினும் குறட்டை விடுவோர் எல்லோரும் படத்துக்கு ஓடவேண்டியதில்லை. நோய் உண்டா, எவ்வளவு கடுமை என்பதை இரவுத் தூக்கப் பரிசோதனையே சொல்லும். காலின் சல்லிவன் 1981இல் சிட்னியிலிருந்து அறிவித்த சி-பாப் கருவி, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து பெரும்பாலும் எவ்விடத்து அடைப்பையும் திறப்பதால், அதைத் தாங்கிக்கொள்பவருக்கு இடம் தெரியவேண்டிய தேவை எழுவதில்லை. தாங்க முடியாதவருக்கு அறுவை சிகிச்சை என்ற பேச்சு வரும்போதுதான் அடைப்பின் இடத்தை அறிவது இன்றியமையாததாகிறது. நாக்கின் அடியில் அடைப்பிருக்க மென்னண்ணத்தை மட்டும் வெட்டிச் சீராக்கினால், புண் ஆறிய பிறகும் இரவில் மூச்சு நின்றுகொண்டேயிருக்கும்.