பிளம்பர் தொழிலுக்கும் ஒரு சான்றிதழ்

எமது ஹாட்வெயார் கடைகளுக்கு வரும் பிளம்பர் பாஸ்மாரில் பலர் கைதேர்ந்தவர்கள். ஆனால் அதைக் காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. ஊருக்குள் இது பெரிய குறையல்ல. பெரிய ஒப்பந்தக்காரரிடமோ வளைகுடா நாட்டிலோ வேலை கேட்கும்போது, அதே பாஸ் உதவியாளர் சம்பளத்துக்கே போக நேரிடுகிறது.

இலங்கையில் இதற்குள்ள வழி தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. இதில் 7 மட்டங்கள் உண்டு. முதல் 4 மட்டங்களும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். 4ஆம் மட்டம் பெற்றவர் தனித்து நின்று வேலை செய்யக்கூடிய முழுமையான தொழிலாளியாகக் கணிக்கப்படுவார்.

புதிதாகப் பழகும் பிள்ளைகள் தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் கற்கலாம். இல்லையேல் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையான நைட்டா மூலம் வேலைத்தளமொன்றில் பயிலுனராகலாம்.

ஏற்கனவே தொழில் செய்பவர் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் முறையில் நைட்டாவுக்கு விண்ணப்பித்து, செய்த வேலைகளுக்கான சான்றுகளைக் கோவையாக்கிக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வேலையை நேரில் பார்த்து, கேள்விகளும் கேட்டுத் தீர்மானிப்பார். குறையுள்ள பகுதியைப் பயின்று மீண்டும் தோற்றலாம்.

சான்றிதழ் முதல் வேலையைப் பெற்றுத்தரும். அடுத்த வேலையைப் பெற்றுத்தருவது நாணயம். சுவர் பூச முன்னர் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். விலையை எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் அப்பெயரில் வங்கிக் கணக்கும் திறக்கலாம்.

கடை முதலாளிமாரே, உங்களிடம் கடனுக்குச் சாமான் எடுக்கும் பாஸிடம் இதைச் சொல்லுங்கள். அவர் முன்னேறினால் கடன் கொப்பியும் வெட்டுப்படும், உங்கள் வியாபாரமும் கூடும்.