எட்டுக்கால் செல்லம்! அதன் சுபாவம் தெரியுமா?

நாய் வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள். எட்டுக்கால் பூச்சியை யாராவது வளர்ப்பார்களா? மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள், சகோதரிகளே! அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெயரும் சூட்டி, வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்க்கிறவர்கள் ஏராளம். உடம்பெல்லாம் முடி, காலை விரித்தால் 5, 6 அங்குலம். நினைத்தாலே சிலிர்க்கிறது, இல்லையா?

நமக்கென்ன வந்தது என்று பக்கத்தைத் திருப்பிவிட முடியாது. நம் பெண்களும் பிள்ளைகளும் இன்று அந்த ஊர்களில்தானே குடித்தனம் நடத்துகிறார்கள்! அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் பெண் போனில் கேட்டாள்: "மாமி, இவன் பிறந்த நாளைக்கு டாரன்டுலாதான் வேணும்னு ஒற்றைக் காலில் நிற்கிறான். ரொம்ப சாது, கடிக்கவே கடிக்காதுன்னு கடைக்காரர் சொல்றார். வாங்கித் தரலாமா?" ஒன்பது வயதுப் பையன். அவளுக்காகப் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

தெற்கு இத்தாலியில் டாரன்டோ என்று ஒரு ஊர். அந்தப் பக்கத்து வயல்களில் இருந்த ஒரு சிலந்தி கடித்தால் விஷம் தலைக்கேறும், விடாமல் ஆடினால்தான் அது இறங்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அப்படி ஆடியவர்களில் பெண்கள் அதிகம். 'டாரன்டெல்லா' என்ற நடனத்தின் பெயரும் அந்த ஊரை ஒட்டி வந்ததுதான். உண்மையில் அந்தச் சிலந்தியின் கடி அப்படியொன்றும் பயங்கரமானதல்ல. இன்று செல்லமாக வளர்ப்பது வேறு ஜாதி. அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே பெரிய சிலந்திகளைப் பார்த்ததும் பழைய பெயரையே அவற்றுக்கும் சூட்டிவிட்டார்கள்.

சாதுவா, முரடா?

கடைக்காரர் 'சாது' என்றாரே, அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாய் வாலாட்டுவது பிரியத்தால். டாரன்டுலாவுக்கு அந்தப் பிரியமெல்லாம் கிடையாது. எஜமானரை அடையாளம் கண்டுகொள்ளாது. பத்து வருஷம் தீனி போட்டாலும் நீங்கள் அதற்கு அசைகிற ஒரு பெரிய உருவம், அவ்வளவே.

எட்டுக் கண் இருந்தும் அதற்குப் பார்வை மங்கல்தான். உலகத்தை அது தெரிந்துகொள்வது உடம்பு முடியாலும் கால்களாலும். மேஜையில் டம்ளரை 'டக்'கென்று வைத்தால் அந்த அதிர்வு அதற்குத் தெரியும். நாம் மூச்சு விட்டால் அந்தக் காற்றும் தெரியும். அதிர்ந்தது இரையா, எதிரியா? இந்த இரண்டு கேள்விதான் அதற்கு. இரையென்றால் பாயும், எதிரியென்றால் ஓடும். ஓட வழியில்லாவிட்டால்தான் எதிர்த்து நிற்கும். ஆக, நாம் கோபம் என்று நினைப்பது பெரும்பாலும் பயம்.

ஜாதிக்கு ஜாதி சுபாவம் மாறுகிறது. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி, சிலி நாட்டு ரோஜா நிறச் சிலந்தி இரண்டும் நிதானமானவை. தொந்தரவு செய்தால் மெதுவாக ஒதுங்கிப்போகும். 'சாது' என்று பெயர் வாங்கியவை இவைதான். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்துச் சிலந்திகள் அப்படியல்ல. மின்னல் வேகம், சட்டென்று கடிக்கும். அமெரிக்க ஜாதிகளின் கடி பெரும்பாலும் தேனீ கொட்டின மாதிரி. இந்தியா, இலங்கைக் காடுகளின் மரச்சிலந்தி கடித்தாலோ, நாள் கணக்கில் தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான தகவல் இல்லை. அதற்காக அலட்சியம் கூடாது.

ஒரே தாயின் குஞ்சுகளிலும் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. நேற்று சாதுவாக இருந்தது இன்று சீறும். நம் குழந்தைகள் மாதிரிதான்!

அதன் பாஷை

வாய் திறந்து பேசாவிட்டாலும் டாரன்டுலாவுக்கு ஒரு பாஷை உண்டு. வளர்க்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

• முன்னங்கால்களைத் தூக்கி, பற்களைக் காட்டி நின்றால்: "கிட்டே வராதே!" அப்போது கையை நீட்டவே கூடாது.

• உஸ்ஸென்ற சத்தம்: சில ஜாதிகள் வாயருகே உள்ள முடிகளை உரசிச் சத்தம் எழுப்பும். இதுவும் எச்சரிக்கைதான்.

• பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்தால்: முடியை உதறுகிறது. உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

• வயிற்றின் மேல் வழுக்கை: அடிக்கடி முடியை உதறியிருக்கிறது, நிம்மதியாக இல்லை என்று அர்த்தம்.

• ஓயாமல் கண்ணாடியில் ஏறி இறங்கினால்: பெட்டியில் ஏதோ சரியில்லை. ஈரம் அதிகமா, ஒளிய இடம் இல்லையா என்று பாருங்கள்.

• கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டிருந்தால்: ஆபத்து! பெரும்பாலும் தண்ணீர் போதாமைதான். சிலந்தி காலை நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். திரவம் குறைந்தால் கால் தானாகச் சுருண்டுவிடும்.

முடியும் ஒரு ஆயுதம்

பல்லைப் பார்த்துப் பயப்படுகிற நாம் முடியை மறந்துவிடுகிறோம். அமெரிக்க ஜாதிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி போட்ட முடிகள் இருக்கின்றன. தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும். கண்ணில் பட்டாலோ கதை வேறு.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர்கள் 2009-ல் இப்படி ஒரு கேஸை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 29 வயது மனிதர், மூன்று வாரமாகச் சிவந்து நீர் வடியும் கண்ணோடு வந்தார். பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்தபோது கருவிழியில் மெல்லிய முடிகள் குத்தி நின்றன. அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. சிலி நாட்டுச் சிலந்தியின் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முகத்தில் முடியை வீசியிருக்கிறது! அந்த முடிகளைப் பிடுங்கி எடுக்கவும் முடியவில்லை, அவ்வளவு சிறிசு. சொட்டு மருந்து போட்டுத்தான் சமாளித்தார்கள். 'சாது' என்று பெயரெடுத்த ஜாதிதான் அது என்பதைக் கவனியுங்கள்.

தோலில் பட்டால் ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவி, நேரே கண் டாக்டரிடம் போக வேண்டியதுதான். கைவைத்தியம் வேண்டாம்.

செத்துவிட்டதா? அவசரப்படாதீர்கள்!

டாரன்டுலா வளரும்போது பாம்பு மாதிரி சட்டையை உரிக்கும். அப்போது மல்லாந்து படுத்து, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். விஷயம் தெரியாதவர்கள் செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடுவார்கள், பாவம்! மல்லாந்து கிடந்தால் பெரும்பாலும் சட்டை உரிக்கிறது. கால் சுருண்டு குப்புறக் கிடந்தால்தான் கவலை.

சட்டை உரிப்பதற்கு முன் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில், சாப்பிடாது. சிலி நாட்டு ஜாதி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நம் குழந்தை ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே வயிறு கலங்குகிற நாம் இதற்குப் பதற வேண்டாம். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். உரித்த பிறகு உடம்பும் பல்லும் மெத்தென்று இருக்கும். ஒன்றிரண்டு வாரம் இறுகும்வரை தொடக் கூடாது, உயிருள்ள இரையும் போடக் கூடாது. சுவர்க்கோழியே அதைக் கடித்துக் கொன்றுவிடும்! ஒரு அதிசயமும் கேளுங்கள்: முன்பு இழந்த கால்கூட அடுத்தடுத்த சட்டையில் முளைத்து வந்துவிடுகிறது.

வீடும் சாப்பாடும்

பெட்டியில் கனமாகப் பரப்புவது பெரும்பாலும் தென்னைநார்த் தூள். நம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஏற்றுமதியாகிறதே, அதேதான். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, தட்டையான தண்ணீர்க் கிண்ணம், காற்றோட்டமுள்ள, பூட்டுப்போட்ட மூடி. உயரமான பெட்டி தரையில் வாழும் ஜாதிக்கு ஆகாது. ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால்கூட வயிறு வெடித்துச் செத்துப்போகலாம். ஒரு பெட்டியில் ஒன்றுதான். இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒரு முறை ஒன்றிரண்டு சுவர்க்கோழியோ கரப்பானோ போதும். தோட்டத்தில் மருந்தடித்த பூச்சியைப் போடக் கூடாது. அந்த அறையில் கொசு மருந்து, கரப்பான் மருந்து அடித்தால் சிலந்தியின் கதையும் முடிந்தது.

எத்தனை வருஷப் பந்தம்?

பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேலும் வாழும். ஆணுக்கு ஆயுசு குறைவு. வயதுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பேர்க் என்ற பூச்சியியல் பேராசிரியர், இவற்றைப் பல வருஷம் வளர்த்துப் பார்த்து 1958-ல் புத்தகமே எழுதினார். ஒன்பது வயதில் ஆசைப்பட்டு வாங்கின பையன் காலேஜுக்குப் போய், வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கொள்வான். சிலந்தி அம்மா வீட்டில் அதே மூலையில் உட்கார்ந்திருக்கும்! பெட்டியைத் துடைப்பது யார்? சொல்ல வேண்டுமா?

அதனால் நாத்தனார் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: "பையனுக்கு வாங்கறதா நினைக்காதே, உனக்கு வாங்கறதா நினைச்சு முடிவு பண்ணு."

குழந்தை உள்ள வீட்டுக்கு

• கையில் எடுத்து விளையாட விடாதீர்கள். அதற்கு அதில் சந்தோஷம் இல்லை. நழுவி விழுந்தால் உயிரே போகும்.

• தவழும் குழந்தை, நாய், பூனை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

• பெட்டியைச் சுத்தம் செய்வது பெரியவர் வேலை. கையுறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் அவசியம். நீண்ட இடுக்கியால்தான் எதையும் எடுக்க வேண்டும்.

• குழந்தைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். என்றைக்குச் சாப்பிட்டது, என்றைக்குச் சட்டை உரித்தது என்று எழுதட்டும். தொடாமலே ஒரு ஜீவனைக் கவனிக்கிற பழக்கம் வரும்.

• கூண்டிலே பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். காட்டில் பிடித்தது வேண்டாம்.

நம் ஊர்ச் சொத்து

கடைசிக் குறிப்புக்குக் காரணம் உண்டு. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தியைச் செல்லமாக விற்பதற்கென்றே அளவில்லாமல் பிடித்ததால், 1985-ல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. நம் பக்கமும் இதே கதைதான். சேலத்தின் பெயரால் வெளிநாட்டார் அழைக்கிற மரச்சிலந்தி ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரத்தில் கண்டுபிடித்து 2004-ல் பெயர் சூட்டின இன்னொன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆந்திராவில் பளபளவென்று நீல நிறத்தில் இருக்கும் மூன்றாவதன் அழகே அதற்கு வினை. இந்த மூன்றும் ஒரே குடும்பம். 2019-ல் இந்தக் குடும்பத்தின் வியாபாரத்துக்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. 2022-ல் நம் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தச் சர்வதேசப் பட்டியலில் உள்ள உயிரினங்களையும் அதில் சேர்த்தார்கள். பட்டு மாதிரி இருக்கிறதே என்று யாராவது புளிய மரப் பொந்திலிருந்து பிடித்து விற்க வந்தால், வாங்காதீர்கள். குழந்தைக்கு மரத்திலேயே காட்டுங்கள், எட்ட நின்று.