வெள்ளைக் கொக்கும் கேமராவின் கணக்கும்

புதிதாகக் கேமரா வாங்கி வேடந்தாங்கல் போய்வந்த நண்பர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது: "கொக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்திருக்கிறதே, லென்ஸில் கோளாறா?" லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கேமராவுக்குக் கொக்கும் தெரியாது, மரமும் தெரியாது. எதிரில் உள்ள காட்சியைச் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம்தான் வரும் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரங்களோ கரும்பச்சை. அந்தக் கருமை படத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டால், இருட்டாக இருக்கிறதென்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இலைகள் பளிச்சென்று தெரியும். கொக்கின் இறகில் ஒரு வரிகூட மிஞ்சாது. முழுக்க வெளுத்துப்போன இடத்தை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால்தான் அங்கே, கேமரா போட்ட கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்று பக்கம் வைக்கச் சொல்கிறேன்.

அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறந்தால் கணக்கு தலைகீழ். வானத்தின் பிரகாசத்துக்குக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், பறவை கருத்துப்போகும். அப்போது பிளஸ் ஒன்று. ஒரு படம் எடுத்ததும், அதன் இருட்டையும் வெளிச்சத்தையும் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளை போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் குறையுங்கள். மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த காலத்தில் இப்படி உடனே பார்த்துத் திருத்த வழியே இல்லை. அதை நினைத்தால் அவர் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடி வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிக் கானல் அலையத் தொடங்கினால் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் தூரத்துப் பறவை கூர்மையாக வராது.

வெள்ளை சரியாக அமைந்துவிட்டால் கிடைப்பது என்ன? நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். வாயை மூடியிருக்கும்போதும் அலகின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது; வளர வளரத்தான் உண்டாகும். நல்ல படத்தில் கழுத்து இறகுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், அலகின் இடைவெளி வழியே பின்னால் உள்ள இலையின் பச்சையும் தெரியும். பறவைப் படத்தில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். பறவைகள் வேடந்தாங்கலுக்கு வருவது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க. உச்சி வெயிலில் நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். நாம் நெருங்கினால் அது எழுந்து பறந்துவிடும். குஞ்சு வெயிலில் கிடக்கும், முட்டையைத் தேடிக் காகம் வரும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நாம் ஃபிளாஷையும் டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். கரையில் நின்று கிடைக்கிற படம் போதும்.